பேய்க்குத் துபாஷியாகப் போனது

இந்த ஊரில் ஒரு மாட்டுக்கு மருந்து புகட்ட மூன்று மொழி வேண்டியிருக்கிறது. மாட்டை நிற்கச் சொல்வது கன்னடத்தில், கயிற்றைப் பிடித்திருக்கும் மனைவியை அதட்டுவது தெலுங்கில், நோய் எப்படி வந்தது என்று என் கணவரிடம் விவரிப்பது தமிழில். மூன்றும் ஒரே மூச்சில் வரும். என் கணவர் பேரிகையில் மாட்டு ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். ஆஸ்பத்திரியை ஒட்டியே எங்கள் வீடு இருப்பதால் இந்தக் கச்சேரியை நான் தினமும் சமையலறை ஜன்னல் வழியே கேட்கிறேன். யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை. நான் வாய் திறந்தால்தான் சிரிப்பு. புதுச்சேரிப் பழக்கத்தில் நகரசபையை "மெரி" என்பேன், பட்டாளத்துக்காரரைச் "சொல்தா" என்பேன். "கம்பவுண்டர் அம்மா பேசறது இங்கிலீசுத் தமிழு" என்று இங்கே முடிவு செய்துவிட்டார்கள். அது இங்கிலீஷ் இல்லை என்று விளக்கி விளக்கி எனக்கு அலுத்துவிட்டது.

புதுச்சேரியில் இருப்பவர்களும், பிரெஞ்சுக் கொடி இறங்கியபின் பிரான்சிலுள்ள மர்செய்க்குக் கப்பலேறியவர்களும் இதைப் படிக்கக்கூடும். நீங்கள் கடல் தாண்டினீர்கள். நான் ஒரு ரயிலும் இரண்டு பஸ்ஸும் தாண்டி சேலம் ஜில்லாவின் ஒரு மூலைக்கு வந்தேன். இதையும் புலம்பெயர்தல் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் மர்செய்யில் உங்களுக்குக் கடைக்காரனோடு பிரெஞ்சில் சண்டை போடவாவது முடிகிறது, வீட்டுக்கு வந்து தமிழில் திட்டவும் முடிகிறது. கன்னியர் பள்ளியில் பத்து வருஷம் உருப்போட்ட பிரெஞ்சை இங்கே நான் யாரிடம் பேசுவது? கோழிகளிடம் பேசினேன். முற்றத்தில் காயவைத்த ராகியைக் கொத்த வரும் கோழிகளை, என் அம்மா புதுச்சேரியில் விரட்டியது போலவே "அல்லே, அல்லே! வாத்தாங்!" என்று விரட்டுவேன். போ, போ, ஓடிப்போ என்று அர்த்தம். கோழிகளுக்குப் புரிந்தது.

அப்படி விரட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் நஞ்சப்பா வந்தார். ஊருக்கு வெளியே கொஞ்சம் ராகிக் கொல்லையும் இரண்டு எருதும் வைத்திருக்கும் குடியானவர், அறுபது வயதிருக்கும். எருதுக்குக் கழுத்து வீங்கியிருந்தது. என் குரல் கேட்டதும் கயிற்றை விட்டுவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் அப்படியே நின்றார். வெயில் தாக்கிவிட்டதோ என்று நான் தண்ணீர் கொண்டுபோனேன். வாங்கிக்கொள்ளவில்லை.

"யம்மா, இப்ப கோழிய எந்த பாசையில வெரட்டுனீங்க?"

"பிரெஞ்சு. எங்க ஊர்ல பேசறது."

"எங்க மருமவ அதத்தான் பேசறா," என்றார். "பேசறது அவ இல்ல."

அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். பேரிகைக்கு வெளியே ஓட்டு பங்களா ஒன்று இடிந்து கிடக்கிறது. பட்டுப்புழு வளர்ப்பைச் சொல்லிக்கொடுக்க மைசூர்ப் பக்கம் வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் முன்பு அதில் இருந்தார். அவர் இறந்தபின் அவர் மனைவி மட்டும் அங்கேயே தங்கிவிட்டாள். ஊருக்கு அவள் துரைசாணி. பேர் யாருக்கும் தெரியாது, கேட்டதும் இல்லை. நஞ்சப்பாவின் மனைவி பாப்பக்கா அங்கே வேலைக்குப் போனாள். கூடவே தன் அண்ணன் மகள் எல்லம்மாவை அழைத்துப் போனாள். எல்லம்மா கல்லாவியிலிருந்து வந்து அத்தை வீட்டில் வளர்ந்த பெண். துரைசாணி படுக்கையில் விழுந்த கடைசி மாதங்களில் அவளோடு தங்கிப் பார்த்துக்கொண்டது எல்லம்மாதான். நல்ல நாளில் கொச்சைத் தமிழும் கன்னடமும் பேசிய கிழவி, கடைசியில் எல்லாவற்றையும் மறந்து தன் தாய்மொழியை மட்டும் பேசினாளாம். அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. போன வருஷம் எல்லம்மாவை அத்தை மகன் திம்மராயனுக்கே கட்டிவைத்தார்கள். கல்யாணமான சில மாதத்தில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. கண் ஒரு இடத்தில் நிலைக்கும், துரைசாணியின் குரலில் துரைசாணியின் மொழி வரும். தெளிந்தபின் கேட்டால், அந்தப் பாஷையில் தனக்கு ஒரு சொல்லும் தெரியாது என்று சத்தியம் செய்கிறாள்.

"அமாவாசைக்கு பூசாரி வர்றாரு. தமிழு, தெலுங்கு, கன்னடம், துலுக்கன் பாசை எல்லாத்துலயும் கேட்டுப் பாத்துட்டாரு. அது பதிலே சொல்லல. இந்த தபா உச்சிப்பொழுதுக்குள்ள வாயத் தொறந்து பேரச் சொல்லலன்னா, சூடு போட்டுத்தான் ஆவணும்ங்கறாரு." வேலியைப் பிடித்துக்கொண்டார். "எங்க பொண்ணும்மா அது. நீங்க வந்து கேட்டுச் சொல்லுங்க."

சூடு என்றால் என்ன என்று இந்தப் பக்கத்தில் விளக்க வேண்டியதில்லை. உங்களுக்காகச் சொல்கிறேன். மாட்டுக்கு எந்த நோய் வந்தாலும் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி இழுத்துவிடுவார்கள். அந்தப் புண்ணோடு வரும் மாடுகளைத்தான் என் கணவர் பாதி நாள் கவனிக்கிறார். கல்யாணமான புதிதில் அந்த வாடையில் எனக்குச் சோறு இறங்கியதில்லை. அதே கம்பி இப்போது ஒரு பெண்ணுக்கு. பேயாவது பிசாசாவது, போலீசுக்குச் சொல்லலாம் என்று கணவரிடம் சொன்னேன். அவர் சேலத்துக்காரர், நிதானமாகப் பேசுவார். "போலீசு வந்தா வேற ஊர்ல வெச்சு சூட்டப் போடுவாங்க. நீ போ. பேய் இருக்குதோ இல்லயோ, கம்பி இருக்குது," என்றார்.

பெரிய தைரியத்தோடு நான் போகவில்லை. போகும் வழியெல்லாம் பள்ளியில் படித்த இலக்கணம் மனதில் ஓடியது. எங்கள் பிரெஞ்சு ஆசிரியை, மத்முவசேல் என்று நாங்கள் கூப்பிட்டவர், முதல் வருஷம் முழுக்க ஒரே தவற்றுக்காக என்னைத் திட்டினார். நமக்குத் தமிழில் குளிர்கிறது, பசிக்கிறது. குளிரும் பசியும் தாமாக வந்து நம் மேல் உட்காரும். பிரெஞ்சில் "ழே ஃப்ருவா" என்று சொல்ல வேண்டும். நான் குளிரை வைத்திருக்கிறேன் என்று நேராகச் சொன்னால் பொருள். குளிரும் பசியும் பயமும் கையில் வைத்திருக்கும் சாமான்கள். யாரும் விரும்பாத சாமானை ஒருத்தி ஏன் வைத்துக்கொண்டிருக்க வேண்டும், கீழே போட்டுவிடலாமே என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. மத்முவசேல் சிரிக்கவில்லை. சில சாமான்களை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

நஞ்சப்பா வீட்டு முற்றத்தில் சித்திரை வெயில் கொதித்தது. நடுவில் எல்லம்மாவை உட்காரவைத்திருந்தார்கள். இருபது வயதுகூட இருக்காது, ஒல்லியான பெண், தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. திம்மராயன் மாட்டுக்கொட்டகை நிழலில் யாரையும் பார்க்காமல் குந்தியிருந்தான். பாப்பக்கா மருமகளின் முதுகைத் தடவிக்கொடுத்தபடி அழுதுகொண்டிருந்தாள். "நாந்தான் அவள அங்க படுக்க அனுப்பினேன், நாந்தான் அனுப்பினேன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அடுப்பில் கம்பி இருந்தது. நான் அதை மட்டும் பார்க்காமல் உட்கார இடம் தேடினேன்.

பூசாரி பைரப்பா பயங்கரமான ஆள் இல்லை. அதுதான் எனக்கு அதிசயமாக இருந்தது. உடுக்கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, கடை திறக்கும் வியாபாரி போலப் பேசினார். "வாங்கம்மா. பேய்கிட்ட பேரம் பேசணும்னா பாசை வேணும். மாட்டுச் சந்தையில பாசை தெரியாதவங்கூட துண்டுக்குள்ள வெரலப் பிடிச்சு பேசிக்கலாம். இதுக்கு வெரல் ஏது? பேரு, ஊரு, என்னா வேணும், எப்பப் போவும். இந்த நாலும் தெரிஞ்சா கம்பிக்கு வேல இல்ல." தன் தொழில் ஒழுங்காக நடக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு எண்ணமில்லை. கம்பியைப் பற்றிச் சொல்லும்போதும் அதே குரல்தான்.

உடுக்கை ஒலித்தது. வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எல்லம்மாவின் தோள்கள் குறுகின. அந்த வெயிலில் அவள் கையில் மயிர் சிலிர்த்து நின்றதை நான் பார்த்தேன்.

"ஃபெர்மே லா ஃபெநேத்ர். ழே ஃப்ருவா."

ஜன்னலைச் சாத்துங்கள், குளிர்கிறது. சொன்ன வாக்கியத்தில் பயப்பட ஒன்றுமில்லை; புதுச்சேரியில் வெள்ளை வீதிக் கிழவிகள் எல்லாம் தினமும் சொல்வதுதான். ஆனால் உச்சரிப்பு எங்களுடையது போல் இல்லை. எங்கள் பிரெஞ்சில் எப்போதும் கொஞ்சம் தமிழ் ஒட்டிக்கொண்டிருக்கும், எத்தனை அடி வாங்கினாலும் போகாது. எல்லம்மாவின் வாயில் அது இல்லை. வேலைக்காரப் பெண்ணிடம் பேசிய கிழவி "ஃபெர்ம்" என்று ஒருமையில் ஏவாமல் "ஃபெர்மே" என்று மரியாதை வைத்துக் கேட்டிருக்கிறாள் என்பதும் அப்போதே மனதில் பட்டது. நல்ல மனுஷியாக இருந்திருக்க வேண்டும்.

"கி எத் வூ?" என்றேன். நீங்கள் யார்? என் குரல் பள்ளிப் பிள்ளையின் குரல் போல வந்தது.

சற்றுக் கழித்து, "ஓன் மார்ஷ் தாங் லெ குலுவார்," என்றாள் எல்லம்மா. வீட்டு நடையில் யாரோ நடக்கிறார்கள். இந்த "ஓன்" என்ற சொல்லைப் பற்றி உங்களுக்குத் தெரியும். அதற்கு முகம் கிடையாது. யாரோ, எவரோ, ஊரார், நாம், எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றுதான். பிரெஞ்சில் பாதி நாள் அதை வைத்தே ஓட்டிவிடலாம். புதுச்சேரியில் அது ஒரு சௌகரியமான சொல்லாக மட்டும் இருந்தது. இந்த முற்றத்தில் அதைக் கேட்டதும் நான் திரும்பிப் பார்த்தேன். என்னோடு கூடியிருந்த எல்லாரும், ஒரு சொல்லும் புரியாதவர்கள், அதே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்னும் இரண்டு மூன்று வாக்கியங்கள் வந்தன. மணி என்ன என்று ஒன்று. "ந மெ லெஸே பா ஸெல்" என்று ஒன்று, என்னைத் தனியாக விட்டுப் போகாதீர்கள். என் கேள்விக்கு மட்டும் எதுவும் பதிலாக வரவில்லை. அங்கேதான் எனக்கு மூச்சு திரும்பியது. இது பேயில்லை என்று விளங்கிவிட்டது. சாகக் கிடந்த ஒரு கிழவி மாதக்கணக்கில் சொன்ன வாக்கியங்கள், பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்த சின்னப் பெண்ணின் காதில் ஏறி உட்கார்ந்துவிட்டன. பொருள் தெரியாததால் அவளால் அவற்றை இறக்கிவைக்கவும் முடியவில்லை. பிரெஞ்சு தெரிந்த டாக்டர் ஒருவர் இருந்தால் ஒரு மணி நேரத்தில் விளங்கவைத்துவிடுவார். இருந்தது டாக்டர் இல்லை, அடுப்பும் கம்பியும்தான். சூரியன் தலைக்கு நேரே வந்துகொண்டிருந்தது.

"பேரு என்னாங்குது?" என்றார் பூசாரி.

"மர்கெரித்," என்றேன். எங்கள் மத்முவசேலின் பெயர். வேறு எதுவும் வாயில் வரவில்லை. கூட்டம் அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தது. இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தவளுக்கு ஒரு பெயர் கிடைத்ததில் பாப்பக்காவுக்கு அழுகை அதிகமாயிற்று.

"என்னா வேணுமாம்?"

அதற்குப் பின் நான் நிற்கவில்லை. எல்லம்மா மணி கேட்டால், கம்பி ஆகாது, இரும்பு பட்டால் ஏழு ஜென்மத்துக்கும் போகமாட்டேன் என்று சொல்வதாகச் சொன்னேன். ஜன்னலைச் சாத்தச் சொன்னால், இந்தப் பெண்ணைத் தனி அறையில் படுக்கவைக்கக் கூடாது, கல்லாவியில் அவள் தாய்வீட்டுக்கு அனுப்பிக் கொஞ்சநாள் வைத்திருக்க வேண்டும் என்கிறாள் என்றேன். பூசாரியின் முகம் சரியாக இல்லை. சேவல் கேட்காத பேயை அவர் எப்படி நம்புவார்? ஒரு சேவலும் கேட்டுவைத்தேன். "சாராயம் கேக்குதா?" என்று குனிந்து மெல்லக் கேட்டார். மதுவிலக்குக் காலம், அது கேட்காமலிருந்தால் எல்லாருக்கும் நல்லது என்று அவர் கண்ணே சொல்லிற்று. வேண்டாமாம் என்றேன். நிம்மதியாகத் தலையாட்டினார்.

கடைசியாகச் சத்தியம். எரியும் கற்பூரத்தின் மேல் கை அடித்து, போகிறேன் என்று அது வாக்குக் கொடுக்க வேண்டும். எல்லம்மாவின் கை மடியில் இறுகிக் கிடந்தது. பாப்பக்கா இழுத்துப் பார்த்தாள், திம்மராயன் எழுந்து வந்து இழுத்துப் பார்த்தான், வரவில்லை. நான் அவள் காதருகே குனிந்து, நம்பிக்கையே இல்லாமல், "தொனே முவா லா மேன்," என்றேன். கையைக் கொடுங்கள். உடனே கொடுத்தாள். அந்தக் கை ஐஸ் கட்டி மாதிரி இருந்தது. கற்பூரச் சுடருக்கு மேலே நான் அதைப் பிடித்திருந்தபோது அவள் கண் திரும்பி முதல்முறையாக என்னைப் பார்த்தது. சத்தமில்லாமல், கோபமில்லாமல், மிகத் தெளிவாகச் சொன்னாள்:

"ஸ நே பா ஸ க ழே தி, மதாம்."

நான் சொன்னது அது இல்லை, அம்மா.

"என்னா சொல்லுது?" என்றார் பூசாரி.

"போறேன்னு சொல்றாங்க," என்றேன்.

பூசாரி அவள் கையைக் கற்பூரத்தின் மேல் தட்டினார், உச்சி முடியில் ஒரு கொத்தை அறுத்தார், பஸ் ரோட்டுத் திருப்பத்தில் நிற்கும் புளியமரத்தில் கொண்டுபோய் ஆணி வைத்து அறைந்தார். முடி அறுபட்ட உடனேயே எல்லம்மா மயங்கி விழுந்திருந்தாள். எழுந்ததும், "அத்த, தண்ணி குடு," என்று தமிழில் கேட்டாள். பாப்பக்கா என் காலில் விழ வந்தாள். கம்பியை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டார்கள், புகைந்து அணைந்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தக் கடைசி வாக்கியத்தையும். "கெழவி யார்கிட்டயாவது அப்பிடி சொல்லியிருப்பா, இவ காதுல விழுந்திருக்கும்," என்றார். இருக்கலாம். பங்களாவுக்கு வந்து போன யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் எல்லம்மாவின் வாயிலிருந்து வந்த மற்ற வாக்கியங்கள் எல்லாம் எங்கேயோ பார்த்துக்கொண்டு வந்தன. இது என்னைப் பார்த்து வந்தது. அன்றுமுதல் கோழிகளைக் கையை மட்டும் வீசி விரட்டுகிறேன். இன்னொன்றும் என்னைப் பிடித்துக்கொண்டது. துரைசாணிக்குக் கடைசியில் ஒரு மொழிதான் மிஞ்சியது. எனக்கு எது மிஞ்சும்? தமிழ் மிஞ்சினால் பிழைத்தேன். மற்றது மிஞ்சினால், ஜன்னலைச் சாத்து என்று நான் கேட்பது இந்த ஊரில் யாருக்கு விளங்கும்? இதை நினைத்து நான் அழுதிருக்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை.

எல்லம்மா கல்லாவிக்குப் போய், மழைக்காலம் முடிந்து திரும்பி வந்தாள். முகம் தெளிந்து, கொஞ்சம் சதை போட்டிருந்தாள். ஒரு மடி அவரைக்காயோடு என்னைப் பார்க்க வந்தாள். பேச்சு மறுபடி வரவே இல்லையாம். தானும் திம்மராயனும் இப்போது வாசல் அறையில்தான் படுப்பதாக வெட்கத்தோடு சொன்னாள். எனக்கு நெஞ்சு நிறைந்தது. அந்தக் கம்பியை நினைத்தால், எத்தனை முறை கேட்டாலும் அதே பொய்யைத்தான் சொல்வேன்.

கிளம்பும்போது வாசற்படியில் நின்றாள்.

"யக்கா, அன்னிக்கி தொரசாணியம்மா கடைசியா என்னா சொன்னாங்க?"

"போறேன்னு சொன்னாங்க."

"எங்கயாம்?"

இந்தக் கேள்வியைப் பூசாரிகூடக் கேட்கவில்லை. "அவங்க ஊருக்கு," என்றேன்.

எல்லம்மா காலி மடியை உதறிக்கொண்டாள். "அவுங்களுக்கு ஊரு இதானேக்கா. நல்லா இருந்தப்ப நான் கேட்டிருக்கேன், உங்க ஊருக்குப் போவலயான்னு. அங்க யாருமில்ல, எனக்கு பேரிகதான் ஊருன்னாங்க." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வுடுக்கா, நல்லாத்தான போச்சி," என்று சொல்லி இறங்கிப் போனாள்.

ஓசூருக்குப் போகும் பஸ் அந்தப் புளியமரத்தடியில் திரும்பும். அந்த இடம் வந்ததும் பஸ்ஸில் இருக்கும் பெண்கள் எல்லாரும் முந்தானையை இழுத்துவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார்கள். நானும் இந்த ஊர்க்காரிதானே, அவர்களோடு சேர்ந்து திருப்பிக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் என் வாய் தானாக, யாருக்கும் கேட்காமல், "பார்தோன், மதாம்" என்று சொல்கிறது. சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். பதில் வந்துவிடுமோ என்று பயம். வராமலே போனால் இந்தச் சீமையில் அந்த மொழியில் என்னோடு பேச இனி ஒருவரும் இல்லை என்பது அதைவிடப் பெரிய பயம்.